பஞ்சு வாங்குபவர் கைக்கு அந்தக் கணக்கு போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல இடத்துக் கணக்குகளைச் சேர்த்து ஒரே திரையில் காட்டும் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' மென்பொருளுக்கு நூற்பாலைகள் மாற வேண்டும் என்று உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். எங்களிடமும் அது வந்துவிட்டது. பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே உண்டு என்பதில்தான் கட்டுரையாளரோடு வேறுபடுகிறேன்.

மென்பொருள் வந்ததும் நூல் நூற்கும் ரிங் பிரேம் டிபார்ட்மென்ட் சுவரில் பெரிய டிவி ஒன்று ஏறிவிடும். ஷிப்ட் எஃபிஷியன்சி, நூல் அறுப்பு எல்லாம் பச்சையிலும் சிவப்பிலும் ஓடும். அதுவும் உதவாமல் இல்லை. முன்பு மில் மொத்தத்துக்கும் ஒரே சராசரி. அது சரியாக இருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மெஷின்வாரியாகப் பார்த்தபோதுதான், கதவை ஒட்டிய பிரேமில் மட்டும் மதியத்துக்கு மேல் அறுப்பு கூடுவது தெரிந்தது. தள்ளுவண்டி போக வரக் கதவு திறந்தே கிடந்ததால் அங்கே ஈரப்பதம் நிற்கவில்லை. பிளாஸ்டிக் திரை மாட்டினோம், சரியாகிவிட்டது.

ஆனால் பெரிய பணம் அங்கே இல்லை. நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சுதான். அதை எப்போது, எந்த லாட்டை (ஒரே தொகுதியாக வரும் பஞ்சுப் பேல்களை), என்ன விலைக்கு வாங்குவது என்பது இன்றும் பல மில்களில் புரோக்கரின் போனிலேயே முடிந்துவிடுகிறது. இழை நீளம், வலிமை, மைக்ரோனேர் எனும் நுண்மை அளவு எல்லாம் லேப் கம்ப்யூட்டரில். வாங்கிய விலை அக்கவுண்ட்ஸில். பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவுகளின் கழிவு எடை வேஸ்ட் கோடவுன் நோட்டில். இந்த மூன்றையும் லாட் எண்ணை வைத்துக் கோத்தால்தான் மலிவாக வாங்கிய பஞ்சு உண்மையில் மலிவா என்பது தெரியும். ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு 56,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு சதவீதக் கழிவு என்பது 560 ரூபாய். கேண்டிக்கு 500 ரூபாய் குறைத்து வாங்கிய லாட்டில் கழிவு இரண்டு சதவீதம் கூடினால், அந்தக் கழிவைப் பாதி விலைக்கு விற்றாலும் கையைக் கடிக்கும். இது பஞ்சு வாங்குபவருக்கு மாதக் கடைசியில் அல்ல, அடுத்த லாட்டுக்கு விலை பேசும்போது தெரிய வேண்டும்.

இன்னொன்று. மெஷின் நின்றதை சென்சார் சொல்லிவிடும். ஏன் நின்றது என்பதை சூப்பர்வைசர்தான் பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாளி போனிலும் அதே திரை ஓடியதால் ராத்திரியில்கூட அழைப்பு வரும். விளைவு, எல்லோரும் 'மற்றவை' பட்டனையே அழுத்தினார்கள். நிறுத்தக் காரணத்தை வைத்து யாருக்கும் மெமோ கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் 'ரோவிங் இல்லை' (ரிங் பிரேமுக்குப் போக வேண்டிய தடித்த இழை வரவில்லை) என்ற நிஜக் காரணம் பட்டியலில் மேலே வந்தது. ரோவிங் தயாரிக்கும் சிம்ப்ளெக்ஸ் மெஷினில் ஆள் போதவில்லை என்பதே அப்போதுதான் வெளியே வந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1956இல் கோவையில் தொடங்கிய சிட்ரா எனும் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி ஆகிறது என்று மில்களை ஒப்பிட்டுக் கொடுத்து வந்திருக்கிறது. நூலின் தரத்தை உலக அளவில் ஒப்பிடும் உஸ்டர் புள்ளிவிவரங்கள் 1957 முதல் வருகின்றன. அந்த அறிக்கைகளை மதித்துப் படித்த பழைய ஸ்பின்னிங் மாஸ்டர்களுக்கு இந்தத் திரையைப் பார்த்து மலைப்பு வராது.

சிறிய மில்காரர்கள் லைசென்ஸுக்குப் பணம் கட்டும் முன், டெமோ காட்ட வருகிறவர் எதிரே பஞ்சு வாங்குபவரையும் வேஸ்ட் கோடவுன் கிளார்க்கையும் உட்கார வைக்கட்டும். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, மென்பொருளின் விலையோடு, லாட் எண்ணைத் தவறாமல் பதிவு செய்யும் பழக்கம் வர எத்தனை மாதம் பிடித்தது என்றும் மில்களில் விசாரித்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
உற்பத்தி மேலாளர் ஒருவர்
வேடசந்தூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)