மகளுக்கு, கொழும்பின் புதுக்கடை நீதிமன்றங்களைப் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பான மகளுக்கு,

நீ லண்டனில் சட்டத்தரணியாவதற்கான பார் பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று சொன்னால், "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் கோடு கச்சேரி?" என்று கேட்க இங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அவாபாய் வாடியாவைப் பற்றிச் சொல்வேன். 1913இல் கொழும்பில் ஒரு பார்சி வீட்டில் பிறந்தவர். 15 வயதில் லண்டனுக்குப் போய், 1932இல் பார் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து போய் அதில் தேறிய முதல் பெண் அவர்தான். அதற்குப் பிறகுதான் இங்கேயும் பெண்கள் சட்டம் படிக்க அரசு வழிவிட்டது. அப்புறம் பம்பாய்க்குப் போய், 1949இல் தன்வந்தி ராமராவோடு இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். எத்தனை பிள்ளை என்பதில் பெற்றுக்கொள்கிறவளுக்கும் ஒரு சொல் உண்டு என்று வெளியே சொல்லவே கூசிய காலம் அது.

சட்டம் தெரிந்த ஒரு பெண்ணின் அருமை எனக்கு, காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் வீட்டில்தான் விளங்கியது. நீ அப்போது சின்னப்பிள்ளை. கோண்டாவிலில் எனக்குச் சீதனமாகத் தந்த காணியை விற்கப் போயிருந்தேன். நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தை விரித்து, என் பெயரில் விரலை வைத்தபடி, "காணி உங்கட பேரிலதான் அம்மா, ஆனா உங்கட மனுசன்ர சம்மதம் எழுத்தில வேணும்" என்றார். அப்பா கட்டாரில். தேசவழமை என்கிற யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. கணவர் தன் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. அப்பா உடனே எழுதி அனுப்பினார், அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என் தாய் தந்த காணிக்கு நான் அனுமதியோடு போய் நின்றது இன்றும் சுடுகிறது. புருஷன் விட்டுப்போனவள் அப்போது என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது, 16ஆம் உறுப்புரை அதற்கு முரணான பழைய சட்டங்களும் செல்லும் என்கிறது. இதை எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான்.

கம்பனி வழக்குகளில்தான் வருமானம் என்று போன கிழமை சொன்னாய். சரி, அதையும் செய். ஆனால் இங்கே சட்டக் கல்லூரிப் பரீட்சையும் எழுதி சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு, காணிக்கும் தாபரிப்புப் பணத்துக்கும் புதுக்கடைக்கு அலைகிற பெண்களின் வழக்கையும் எடு. காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பாதே. நீ காலூன்றும் வரை உன் அலுவலக அறை வாடகையை நாங்கள் கட்டுவோம். அப்பாவோடும் பேசிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா