விசா கொடுப்பவர்களுக்கும் வரி வாங்குபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மடல் ஏதோ ஒரு நாட்டு அலுவலகத்துக்கு மட்டும் எழுதியது இல்லை. 2020-க்குப் பிறகு 'எங்கள் நாட்டுக்கு வாருங்கள், இங்கே உட்கார்ந்து உங்கள் வெளிநாட்டு வேலையைப் பாருங்கள்' என்று 'டிஜிட்டல் நோமாட்' விசா திறந்துவிட்ட எல்லா நாடுகளின் குடிவரவுத் துறைக்கும், அதே நாடுகளின் வரித் துறைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு துறைக்கும் ஒரே மடலா என்று கேட்காதீர்கள். நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் என் புகாரே.

என்னைப் பற்றி இரண்டு வரி. பல வருஷம் அலுவலகத்தில் வேலை பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது மென்பொருள்களுக்குப் பயனர் கையேடு எழுதுவது தொழில். கிளையன்ட்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள், பலரை நேரில் பார்த்ததே கிடையாது. இன்வாய்ஸ் அனுப்பினால் பணம் வரும், சில சமயம் நினைவூட்டினால்தான் வரும். இருப்பது பிறந்த நாட்டில் இல்லை. வேலையை ஏன் விட்டேன், கடற்கரையில் லேப்டாப்பை விரித்து வேலை செய்ய முடியுமா (முடியாது, வெயிலில் திரை தெரியாது) என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாத கதை. இவன் யார், இவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே வரி கட்டுகிறான், இவ்வளவுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான கேள்விகள். பதில் சொல்ல நானும் தயார்தான், படிவத்தில்தான் இடம் இல்லை.

ஆன்லைன் படிவத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'பணி வழங்குநரின் பெயர்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. சரி என்று என் பெயரையே போட்டேன். அடுத்த பக்கத்தில் அந்தப் பணி வழங்குநரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டது: இவர் எங்களிடம் வேலை பார்க்கிறார், வெளிநாட்டில் இருந்தபடி வேலை செய்ய இவருக்கு அனுமதி தந்திருக்கிறோம் என்று, கையொப்பத்தோடும் முத்திரையோடும். நானே எனக்கு அனுமதி கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு, ஒரு கடிதம் தயார் செய்தேன். 'மேற்படி நபர் நம்பகமானவர்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன். சிரிக்காதீர்கள், அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்தான் திரும்பி வந்தது.

அது ஏன் வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் போன்றவர்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சம்பளக்காரரின் கணக்கில் மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், ஒரே தொகை, ஒரே பெயரிலிருந்து வந்து விழும். என் கணக்கில் ஒரு மாதம் இரண்டு கிளையன்ட்கள் ஒன்றாகப் பணம் போட்டிருப்பார்கள், அடுத்த மாதம் கிட்டத்தட்ட பூஜ்யம். வேலை இல்லாததால் இல்லை, பெரிய கம்பெனிகள் பல இன்வாய்ஸ் கைக்குப் போய் 30 நாள், 60 நாள் கழித்துத்தான் பணத்தை விடுவிக்கும் என்பதால். அதுவும் நேராக வராது. நடுவில் ஒரு பணப் பரிமாற்ற நிறுவனம் இருக்கும், ஸ்டேட்மென்டில் அதன் பெயர்தான் வரும். அதைப் பார்த்த அலுவலர், உங்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருக்கிறார் போல, அவர் ஏன் ஒழுங்காகப் பணம் தருவதில்லை என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை, அவரிடம் கொடுத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் சம்பளச் சீட்டை மட்டுமே பார்த்துப் பழகியது.

நீங்கள் கேட்கும் தொகையைப் பற்றிச் சண்டை போட வரவில்லை. 2020 ஜூலையில் கரீபியன் தீவு நாடான பார்படோஸ் இந்த மாதிரி விசாவை முதலில் திறந்த நாடுகளில் ஒன்றாக இறங்கியபோது ஆண்டுக்கு 50,000 டாலர் வருமானம் வேண்டும் என்றது. போர்ச்சுகலில் இதே வகையான டி8 விசாவுக்கு அங்குள்ள குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு, ஸ்பெயினில் இரண்டு மடங்கு. 2024 மார்ச்சில் வந்த ஜப்பான் ஆண்டுக்கு 1 கோடி யென் கேட்கிறது, தருவதோ ஆறே மாதம். உங்கள் நாடு, உங்கள் அளவு. ஆனால் அந்தத் தொகையை எப்படி அளக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பேச்சு உண்டு. கடைசி மூன்று மாதச் சராசரி என்று வைத்தால், நல்ல காலாண்டில் விண்ணப்பிக்கும் ஃப்ரீலான்சர் பணக்காரன், அதே ஆள் மூன்று மாதம் தள்ளி விண்ணப்பித்தால் ஏழை. விவரம் தெரிந்தவர்கள் இன்வாய்ஸ்களைத் தள்ளிப்போட்டு, விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் பணம் மொத்தமாக வந்து விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் உங்களுக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது? 12 மாத மொத்த வருமானத்தைக் கேளுங்கள், சென்ற ஆண்டு வரி தாக்கல் செய்த நகலைக் கேளுங்கள். அந்த நகலில் மூன்று மாத வித்தையைக் காட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை.

எல்லோரும் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். மலேசியா 2022-இல் கொண்டுவந்த டிஇ ராந்தாவ் திட்டத்தில் ஃப்ரீலான்சர் என்று பெயர் சொல்லியே இடம் கொடுத்தார்கள். ஸ்பெயின் தன் ஸ்டார்ட்அப் சட்டத்தில் சுயதொழில் செய்பவரின் வேலையில் 20 சதவீதம் வரை ஸ்பெயின் நிறுவனங்களுக்கே செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதிய ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஊரில் வருஷக்கணக்கில் குடியிருப்பவனிடம் பக்கத்துத் தெருக் கம்பெனி ஒரு சின்ன வேலை கேட்கும், அது நடக்கத்தான் செய்யும் என்று யாரோ அங்கே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் 'உள்ளூர் நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது' என்று ஒரே போடு.

இனி வரித் துறைக்கு.

உங்களிடம் பேசும் முன் ஒரு உதாரணம். தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற விசாவைத் திறந்தது. ஐந்து ஆண்டு செல்லும், ஒவ்வொரு முறை வரும்போதும் 180 நாள் வரை தங்கலாம். விசாவாக நல்ல விசாதான். அதே நாட்டு வரிச் சட்டப்படி ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள் அங்கே இருந்தவர் வரிக்கு உரிய குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை, எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும் குடியிருப்பாளர் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதியையும் இறுக்கினார்கள். ஆக, ஒரு கவுண்ட்டர் 180 நாள் தாராளமாக இரு என்கிறது, இன்னொரு கவுண்ட்டர் 180 நாள் இருந்தால் என்னிடம் வா என்கிறது. இரண்டு விதியையும் ஒரே அரசுதான் போட்டிருக்கிறது. இரண்டும் தனித்தனியாக நியாயமாகக்கூட இருக்கலாம். அவற்றை ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சடித்திருந்தால் எத்தனை பேர் ஐந்து நாள் முன்னால் கிளம்புவதா, இருந்து வரி கட்டுவதா என்று யோசித்து முடிவெடுத்திருப்பார்கள்!

இதை நீங்கள் சொல்லாததால் எங்களுக்குள் ஒரு வாய்வழிச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது: '183 நாளுக்குக் கீழே இருந்தால் எங்கேயும் வரி கிடையாது'. இந்த 183 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டத்தில் குடியிருப்பைத் தீர்மானிக்க அந்த எண் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமல் இருக்க நாடுகள் போட்டுக்கொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்களில் எல்லோரும் மேற்கோள் காட்டும் 183 நாள் விதி இருப்பது, அவற்றில் பலவற்றுக்கு அச்சாக ஓஇசிடி என்ற நாடுகளின் அமைப்பு எழுதி வைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவில், அது சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கான பிரிவு. சுயதொழில் செய்பவருக்கென்று 14-ஆவது பிரிவு ஒன்று தனியாக இருந்தது, 2000-இல் அதையே நீக்கிவிட்டு எங்களையும் வணிக லாபம் என்ற தலைப்பில் கம்பெனிகளோடு சேர்த்துவிட்டார்கள். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் 14 இன்னும் இருக்கிறது. அதனால் எனக்கு எந்த விதி பொருந்தும் என்பது நான் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறேன், அந்த இரண்டும் எந்த வருஷம் கையெழுத்திட்டன என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தமே இல்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, உள்நாட்டுச் சட்டம்தான். இதையெல்லாம் ஒரு தனி ஆள், ஆடிட்டர் வைக்கக் கட்டுப்படியாகாத வருமானத்தில், எப்படித் தெரிந்துகொள்வது?

இன்னொன்றும் சொல்கிறேன், இது எங்கள் ஆட்கள் காதிலும் விழட்டும். கிளையன்ட் எந்த நாட்டில் இருக்கிறார், பணம் எந்த வங்கிக்கு வந்தது என்பதை வைத்துத்தான் வரி என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான நாடுகளின் சட்டம் உழைப்பு எங்கே நடந்தது என்றுதான் பார்க்கிறது. நாற்காலி எங்கே கிடக்கிறதோ அங்கே வருமானம் பிறக்கிறது. வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் கம்பெனி திறக்க எஸ்டோனியா 2014 முதல் தரும் இ-ரெசிடென்சி அட்டையை வாங்கிக் கம்பெனி திறந்துவிட்டால் வரி விஷயம் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த அட்டையை வைத்து அங்கே குடியிருக்கவும் முடியாது, அந்த நாட்டு வரிக் குடியிருப்பாளராக ஆகவும் முடியாது. அந்தக் கம்பெனியை வேறு நாட்டில் உட்கார்ந்து நடத்தினால் அந்த நாட்டு வரித் துறை கதவைத் தட்டலாம்.

இந்தக் குழப்பத்தில் யாருக்கு லாபம் தெரியுமா? 'எந்த நாட்டிலும் வரி கட்டாமல் வாழ்வது எப்படி' என்று வகுப்பு எடுக்கிறவர்களுக்கு. நீங்கள் பதில் சொல்லாத ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், விலையோடு. அப்புறம் ஒழுங்காக விசா எடுத்து, காகிதம் சேர்த்து, மொழிபெயர்த்து, வெளிநாட்டில் செல்லுபடியாக அப்பாஸ்டில் என்ற சான்று முத்திரை வாங்கி வருகிறவனைவிட, சுற்றுலாப் பயணி என்று சொல்லி உள்ளே வந்து அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, தங்க அனுமதித்த நாட்கள் முடியும் முன் எல்லை தாண்டுகிறவனுக்குத்தான் வாழ்க்கை சுலபம். ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் என்ற கணக்கை விரல்நுனியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரையும் நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை, உங்கள் படிவம்தான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

வரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. பார்படோஸ் தன் விசாக்காரர்களுக்கு உள்நாட்டு வருமான வரி கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னது, குரோவேஷியாவும் அந்த விசாவில் வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கு வருமான வரி விலக்குத் தந்தது. எனக்கு அவர்களிடம் பிடித்தது விலக்கு கிடைத்ததைவிட, விடை கிடைத்தது. உங்களால் விலக்குத் தர முடியாது என்றால் தர வேண்டாம். 2025 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் வெளிநாட்டவர் வந்து குடியேறி வாடகை ஏறுவதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் நடக்கும் சாலைக்கும், என் குப்பையை அள்ளுவதற்கும், நான் எதுவும் கட்டவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்னை முறைக்கத்தான் செய்வார். கட்டுகிறேன். எவ்வளவு, எப்போதிலிருந்து, எந்தப் படிவத்தில் என்று விசா தரும் அன்றே சொல்லுங்கள்.

ஓய்வூதியம் போன்றவற்றுக்காகக் கட்டும் சமூகப் பாதுகாப்பு நிதி பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, இவர் சொந்த நாட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார், இரண்டாவது முறை வாங்காதீர்கள் என்று அவருடைய ஹெச்.ஆர். ஒரு சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிடுவார். எனக்கு ஹெச்.ஆர். நான்தான். அந்தச் சான்றிதழ் எல்லா நாட்டுக்கும் கிடைக்காது, இரண்டு நாடுகளுக்கும் இடையே தனி ஒப்பந்தம் வேண்டும், இருந்தாலும் சுயதொழில் செய்பவரை அது சேர்த்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். இதையும் விசா பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அங்கே சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு: ஜப்பானில் இந்த விசாவுக்குக் குடியிருப்பு அட்டை கிடையாது, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பதோ வாடகைக்கு வீடு பிடிப்பதோ லேசில் நடக்காது. போய் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆக நான் கேட்பது இவ்வளவுதான். படிவத்தில் 'பணி வழங்குநர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சுயதொழில்' என்று ஒரு தேர்வு வையுங்கள், அதை அழுத்தினால் கடிதத்துக்குப் பதிலாக ஒப்பந்தங்களையும் இன்வாய்ஸ்களையும் கேட்கட்டும். வருமானத்தை வருஷமாக அளந்து பாருங்கள். விசா கடிதத்தின் கீழேயே, எத்தனையாவது நாளிலிருந்து நான் உங்களுக்கு வரி கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், இரண்டு துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

எனக்குத் தனியாகப் பதில் போட வேண்டாம். உங்கள் விசா பக்கத்திலேயே போடுங்கள், வரித் துறையின் தொலைபேசி எண்ணையும் அதற்குக் கீழேயே சேருங்கள். யாராவது எடுத்துப் பேசும் எண்ணாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
பணி வழங்குநரும் பணியாளரும் தானேயான ஒருவர்