பழைய கப்பல்கள் குறித்து ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை

மதிப்பிற்குரிய முன்னாள் கடற்படை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

விராட் விமானந்தாங்கிக் கப்பல் குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்தில் உடைபட்ட படங்கள் குழுவில் வந்ததிலிருந்து, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து அண்ணன்மார் பலர் என்னை அழைத்து மனம்விட்டுப் பேசினார்கள். 2016இல் நம் கொச்சியில் கொதிகலன்களும் எந்திரங்களும் கழற்றப்பட்டு, இழுவைப் படகுகளின் பின்னால் அது மும்பைக்குப் புறப்பட்டபோதே கப்பலின் உயிர் போய்விட்டது என்றும், 2017 மார்ச் 6 அன்று பணி ஓய்வு பெற்றுக் கொடி இறங்கியதும் 2020இல் அலங் சேர்ந்ததும் அதற்குப் பிந்தைய காரியங்கள்தாம் என்றும் ஒருவர் சொன்னார்.

பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1997இல் ஓய்வு பெற்று, 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைப்புக்குப் போனது. உப்புநீரில் நிற்கும் இரும்பைப் பராமரிப்பது எவ்வளவு செலவு என்பதை, துருச் சுரண்டியே கை காய்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குர்சுரா நீர்மூழ்கியை விசாகப்பட்டினத்தில் கரையேற்றி வைத்து, 2002 முதல் மக்கள் அதனுள் நடந்து பார்க்கும்போது, விக்ராந்துக்கு மட்டும் வழியில்லை என்றது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான இடத்தில் கூடுவோம். தங்களிடமுள்ள கப்பல் சின்னங்களையும் படங்களையும் கொண்டுவரவும். ஒவ்வொன்றையும் படமெடுத்து, பணியாற்றிய ஆண்டோடு பதிந்து வைக்கலாம். என் வீட்டுச் சின்னத்தின் பித்தளை மங்கிக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறேன்.