ஆறு குண்டுகள்

காரைக்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ளே,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு நிலைகொண்டது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் நலம். மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் காருதான்.

போன மாதம் தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி, நம் தெருமுனையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். இடது முன்சக்கரத்தில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். நேரே ஓட்டினால் இல்லை. குனிந்து பார்த்தால், சிவி ஜாயின்டை (சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் என்ற தண்டின் முனையில் உள்ள மூட்டு) மூடியிருக்கும் ரப்பர் பூட், அதாவது உறை, கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. அதோடு நம் ஊர்ச் செம்மண் சேர்ந்து, குழைத்த சாந்து மாதிரி அப்பியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே அங்கே கொஞ்சம் கிரீஸைப் பார்த்தேன், மாப்ளே. துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். அன்றைக்கே பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

உன் அப்பாவின் அம்பாசிடரில் இந்தத் தொல்லை கிடையாது. அது பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. 1983இல் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர இழுவை நம் பக்கம் பரவலானது. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும், திரும்பும்போது வேகம் ஏறி இறங்கவும் கூடாது. அதற்குத்தான் ஜாயின்டுக்குள்ளே ஆறு எஃகுக் குண்டு. சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே ஆறும் நிற்கும். 1920களில் ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளரின் யோசனை அது. நேரே போகும்போது குண்டுகள் பள்ளத்தில் அப்படியே இருக்கும், ஒடித்தால்தான் முன்னும் பின்னும் ஓடும். மண் புகுந்து பள்ளம் தேய்ந்தால் திருப்பத்தில் மட்டும் சத்தம் வருவது அதனால்தான்.

ஷாஃப்டின் மறுமுனையில், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஜாயின்டிலும் ஆட்டம் இருந்ததால் முழு ஷாஃப்டாகவே வாங்கினேன். கியர்பாக்ஸ் நடுவில் இல்லாததால் இடது ஷாஃப்ட் ஒரு நீளம், வலது ஒரு நீளம். பழையதைப் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டு, முனையில் உள்ள பற்களையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தேன்.

வேலையில் பாதி, ஷாஃப்டைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் நடு நட்டோடு போராடுவதுதான். வண்டி தரையில் நிற்கும்போதே, பக்கத்து வீட்டுத் தம்பி பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அழுத்தினேன். மூன்றாம் தடவைதான் அசைந்தது. மழை பெய்து முகப்புக்கு முன்னால் மண் இளகியிருந்தது. ஜாக்கிக்கு அடியில் தேக்குப் பலகை, பின்சக்கரங்களுக்குக் கருங்கல், அதற்கும் மேல் வண்டியைத் தாங்க ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது, நீயும் விடாதே.

சக்கரத்தைக் கீழே தாங்கும் ஆர்மின் பால் ஜாயின்டைப் பிரித்து, ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வெளியே சாய்த்ததும் ஷாஃப்டின் ஒரு முனை விடுபட்டது. மறுமுனையைக் கடப்பாரை நுனியால் மெதுவாக நெம்பினேன். சட்டென்று வந்தது, கூடவே கியர் ஆயிலும். தட்டு வைத்திருந்ததால் முற்றம் தப்பியது. ஆயில் சீலையும் புதிதாகப் போட்டேன், அதில் கஞ்சம் பார்க்க மனம் வரவில்லை. புது ஷாஃப்டை உள்ளே தள்ளியபோது அதன் நுனியில் உள்ள பூட்டு வளையம் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டதே, அந்தச் சத்தத்துக்கு ஈடு இல்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. புது நட்டை மட்டும் கையேட்டில் போட்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தே முறுக்கினேன். சிந்திய ஆயிலுக்குப் புதிதாக ஊற்றினேன்.

சாயங்காலம் பிள்ளையார்பட்டி வரை ஓட்டி, கோயில் வாசலில் இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. வீட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார்கள்.

உன் வண்டியின் முன்சக்கரங்களை ஒடித்துவைத்து, அந்த ரப்பரின் மடிப்புகளை டார்ச் அடித்துப் பார். வெடிப்பு மட்டும் என்றால் இப்போதே மாற்றிவிடு.

கழற்றிய ஜாயின்டை எடைக்குப் போடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டைப் பிரித்து, ஆறு குண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாம் சைக்கிள் ஹப்பைப் பிரித்துக் குண்டு பொறுக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? இவை அதைவிடப் பெரிசு. நீ வரும்போது பாதி உனக்கு.

உன் மச்சான்