மேற்கு அயர்லாந்துக்குக் கிளம்பும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அங்கே அம்மா, தங்கச்சி, பிள்ளைகள் நலம்தானே? உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய பயணத் திட்டமும் கிடைத்தன. மே மாதம் வருகிறாய் என்பது பெரிய சந்தோஷம். மேற்குக் கரைக்கு அதைவிடத் தோதான மாதம் கிடையாது. மழை ஓரளவு குறைந்திருக்கும், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பர்ரன் என்ற பாறைப் பகுதியில் பூக்கள் விரிந்திருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது.

ஆனால் திட்டத்தை இப்படியே விட மாட்டேன். டப்ளினில் தங்கிக்கொண்டு ஒரு நாள் மோகர் பாறைகள், மறுநாள் கெர்ரி, அதற்கடுத்த நாள் டொனகல் என்று போட்டிருக்கிறாய். டப்ளினிலிருந்து கால்வே 208 கி.மீ.; நெடுஞ்சாலை என்பதால் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கால்வேயைத் தாண்டியதும் கணக்கே வேறு. அங்கிருந்து கிளிஃப்டன் வெறும் 80 கி.மீ., அதற்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். கூகுள் காட்டுகிற நேரத்தோடு எப்போதும் கால்பங்கு கூட்டிக்கொள். ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் போனால் பாதி நாள் இருக்கையிலேயே கழியும். மோகரில் மட்டும் ஒன்றரை மணி நேரம் இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் கடல்மூட்டம் ஏறினால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அதனால் கெர்ரியையும் டொனகலையும் இந்தத் தடவை விட்டுவிடு. எட்டு இரவு என்று வை: கால்வேயில் இரண்டு, பாலிவானில் இரண்டு, கிளிஃப்டனில் இரண்டு, வெஸ்ட்போர்ட்டில் இரண்டு. ஓர் ஊரில் இரண்டு இரவு இருந்தால் மழை நாளையும் வெயில் நாளையும் இடம் மாற்றிப் போட்டுக்கொள்ள முடியும். படகும் ஓதமும் (கடல் ஏறி இறங்குவது) மூட்டமும் நம் வசதியைக் கேட்பதில்லை. அந்த நெகிழ்வு இல்லாத திட்டம் இங்கே நிற்காது.

முதல் வேலை விசா. ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். லண்டனும் போகிற எண்ணம் இருந்தால், பிரிட்டன் விசாவில் பிரிட்டன்–அயர்லாந்து கூட்டுத் திட்டத்தின் குறிப்பு இருக்கிறதா என்று பார். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அது உண்டு. ஆனால் பிரிட்டன் கொடுத்த விசா என்றால் முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்த பிறகுதான் இங்கே வர முடியும்.

டப்ளினில் கார் எடுக்காதே. ஹ்யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி நேரே கால்வேக்கு வா. கால்வே நடந்து பார்க்கிற ஊர், அங்கே கார் பாரம். 1584-இல் கட்டிய ஸ்பானிய வளைவு, 1320-இல் தொடங்கிய புனித நிக்கலஸ் தேவாலயம், காரிப் ஆறு கடலில் கலக்கிற இடம், சால்ட்ஹில் கடற்கரை நடைபாதை எல்லாம் ஒரே மாலையில் அடங்கிவிடும். மறுநாளை முழுசாக அரன் தீவுக்கு வை. அது முடிந்த பிறகு கால்வேயிலேயே காரை எடுத்துக்கொள்.

தீவுக்கு டூலினிலிருந்தும் படகு உண்டு. ஆனால் டூலின் துறை திறந்த கடலைப் பார்த்தது; அலை தூக்கினால் படகை நிறுத்திவிடுவார்கள். ரோஸவீல் துறை விரிகுடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் ஆண்டு முழுக்க ஓடும். கால்வேயிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம், பிறகு படகில் நாற்பது நிமிடம். பேருந்துக்கும் படகுக்கும் சேர்த்தே சீட்டு வாங்கு. படகுச் சீட்டு மட்டும் கையில் இருந்து பேருந்தில் இடமில்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதும் துறையிலேயே கேட்டுக்கொள்.

அரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோரில் இறங்கினால் துறை இருக்கும் கில்ரோனனில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். டூன் ஏங்கஸ் கோட்டைக்கு இரண்டு வழி. மேல்சாலை ஏற்ற இறக்கம், காற்று முகத்தில் அறையும். கடலோரக் கீழ்ச்சாலை ஏறக்குறைய சமதளம், வழியில் கடல்நாய்களும் பாறைமேல் படுத்திருக்கும், அதில் போ. சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் கல்பாதையில் ஏற வேண்டும். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கோட்டை எழும்பிவிட்டது. அரைவட்டமாக ஒன்றுக்குள் ஒன்று மதில்கள், வெளியே எதிரி ஓடி வர முடியாதபடி கூர்கற்களை நெருக்கமாக நட்டு வைத்த ஒரு பட்டை, நான்காவது பக்கம் 80 மீட்டருக்கும் மேல் செங்குத்தாகக் கடல். விளிம்பில் கம்பி கிடையாது. எட்டிப் பார்க்க வேண்டுமானால் குப்புறப் படுத்துப் பார். பிள்ளைகளின் கையை விடாதே.

போகிற வழியில் வயல் மதில்களையும் நின்று பார். சாந்தே இல்லாமல் அடுக்கியவை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வானம் தெரியும். இடைவெளி இல்லாமல் கட்டினால் அட்லாண்டிக் காற்று மொத்தமாகத் தள்ளிச் சாய்த்துவிடும்; ஓட்டை இருப்பதால் காற்று வடிகட்டி, வேகம் குறைந்து உள்ளே போகிறது. பல வயல்களுக்குக் கதவே இருக்காது. மதிலில் ஓரிடத்தில் மட்டும் உருண்டைக் கற்களைத் தளர்வாக அடுக்கியிருப்பார்கள். மாட்டை ஓட்டும்போது அதைத் தள்ளிவிட்டு, பிறகு திரும்ப அடுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் மண்ணும் இயற்கை மண் அல்ல, வெறும் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்து கொட்டி உண்டாக்கியது. கோட்டையைவிட எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

அடுத்து கார். நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கவலை உனக்கு இல்லை. நம் ஓட்டுநர் உரிமம் செல்லும்; சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச அனுமதியும் கேட்கும், எடுத்து வைத்துக்கொள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். சாதாரணக் காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேராது, இங்கே அடிபடுவதோ அவை இரண்டும்தான். குறுகிய சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவோம், இடப்பக்கக் கல்மதிலில் பக்கக் கண்ணாடி போய்விடும், டயர் கல்லில் கிழியும். அதைச் சேர்த்தே காப்பீடு எடு. பெட்ரோல் நிலையத்தில் பச்சைக் குழாய் பெட்ரோல், கருப்புக் குழாய் டீசல். கூகுள் குறுக்குவழி என்று சதுப்புக்குள் இழுத்துப்போகும் ஒற்றைச் சாலைகளில் நுழையாதே, என்59 என்ற பெரிய சாலையை விடாமல் பிடித்துக்கொள்.

பர்ரன் முழுக்க சுண்ணாம்புப் பாறை. பாளம் பாளமாகப் பரந்து, நடுவே ஆழமான வெடிப்புகள். மழைநீரில் கலந்த கரியமிலம் சுண்ணாம்பைக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகள் அவை. ஒரு வெடிப்பருகே உட்கார்ந்து உள்ளே பார்: மேலே காற்று வீசிக்கொண்டிருக்கும், ஒரு முழம் கீழே ஈரமும் நிழலுமாகப் பெரணி தழைத்திருக்கும். ஓரத்துப் புல்லில் விரல்நக அளவில் அடர்நீல ஜென்ஷியன். அது ஆல்ப்ஸ் மலைப் பூ. பக்கத்திலேயே வெள்ளையாக விரிந்திருப்பது ஆர்க்டிக் பூ. வெடிப்புக்குள் இருப்பது தெற்கத்திப் பெரணி. மூன்றும் கடல்மட்டத்துக்கருகே சேர்ந்து வளர்வது அபூர்வம். இதற்கு மாடும் ஒரு காரணம். இங்கே மாடுகளைக் குளிர்காலத்தில்தான் மேட்டுக்கு ஏற்றுவார்கள். கோடையில் வாங்கிய சூட்டைப் பாறை பிடித்து வைத்திருக்கும், தரையும் ஈரம் தங்காது. முரட்டுப் புல்லை மாடுகள் மேய்ந்து தீர்த்துவிடுவதால் வசந்தத்தில் பூவுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பூவைப் பறிக்காதே. கல்லை அடுக்கி விளையாடப் பிள்ளைகளையும் விடாதே, பாறையைப் பெயர்ப்பதால் பெரிய சேதம். ஈரமான பாளம் வழுக்கும், சில பாளங்கள் மிதித்தால் ஆடும். பிடிப்புள்ள காலணி எல்லாருக்கும் வேண்டும்.

பாலிவானிலிருந்து தெற்கே 8 கி.மீ. போனால் பூல்னப்ரோன் என்ற கற்காலக் கல்லறை. நிற்கும் கற்கள்மேல் ஒரு பெரிய மூடுகல், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. 1980-களில் அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு அவர்களில் ஒரு பச்சிளங்குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததாகக் காட்டியது. 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தை. அதையும் எல்லாரோடும் சேர்த்தே அங்கே வைத்திருக்கிறார்கள்.

மோகருக்கு மாலையில் போ. பாறைமுகம் மேற்கைப் பார்த்தது. காலையில் நிழலடித்துக் கிடக்கும், நான்கு மணிக்கு மேல் நேர் வெளிச்சம் விழும், பேருந்துகளும் போயிருக்கும். இணையத்தில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்தால் மாலை நேரம் விலையும் குறைவு. உயர்ந்த இடம் 214 மீட்டர், 1835-இல் கட்டிய ஓபிரையன் கோபுரம் அருகே. கீழடுக்கில் இருக்கும் மென்மையான களிப்பாறை முதலில் அரிந்துபோவதால் மேலே விளிம்பு அந்தரத்தில் நீண்டு நிற்கும். மேலே நிற்பவனுக்கு அது தெரியாது. விபத்துகளுக்குப் பிறகு 2024-இல் கரையோரப் பாதையின் சில பகுதிகளை மூடினார்கள். எங்கே அடைப்பு இருக்கிறதோ அதைத் தாண்டாதே.

கிளிஃப்டன் இருக்கும் கானமாராப் பகுதியில் சாலைப் பலகைகள் பல இடங்களில் ஐரிஷ் மொழியில் மட்டும் இருக்கும். கால்வே ‘கய்லிவ்’, கிளிஃப்டன் ‘அன் க்ளோகான்’. கழிப்பறைக் கதவில் எஃப் எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு, எம் எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு. தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

கிளிஃப்டனுக்குத் தெற்கே டெரிகிம்லா சதுப்பு. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி நிலையம் 1907-இல் கனடாவுடன் வணிகச் சேவை தொடங்கியது இங்கே. ஆல்காக், பிரவுன் இருவரும் அட்லாண்டிக்கை முதன்முதலில் நிற்காமல் பறந்து கடந்து 1919 ஜூன் 15 அன்று மூக்குக் குத்தி இறங்கியதும் இங்கேதான். மேலிருந்து பச்சை வயலாகத் தெரிந்தது சதுப்பாக இருந்துவிட்டது. 5 கி.மீ. சுற்றுப்பாதை, அம்மாவும் மெதுவாக நடக்கலாம். கிரிக்கெட் பைத்தியமான உன் பையனுக்கு ஒரு செய்தி: ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி 1924-இல் பாலினஹின்ச் மாளிகையை வாங்கி, கோடைகளில் மீன் பிடிக்க அங்கே வந்துகொண்டிருந்தார். இப்போது அது ஓட்டல், தேநீருக்குப் போகலாம்.

ஓமி தீவுக்கு வற்றத்தின்போது, அதாவது கடல் உள்வாங்கும் நேரத்தில், மணலில் நடந்தே போகலாம். வற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பு தொடங்கி இரண்டு மணி பின்பு வரை என்று வைத்துக்கொண்டால் பத்திரம். இங்கே பலர் தவறுவது கடிகாரத்தில். சில ஓத அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், மே மாதத்தில் அதோடு ஒரு மணி கூட்ட வேண்டும். காரை மணலில் விடாதே, கரையிலேயே நிறுத்து. கைல்மோர் மடம் அழகுதான், ஆனால் கூட்டம். அரை நாள் போதும்.

கிளிஃப்டனிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு லீனானில் திரும்பி டூலாக் பள்ளத்தாக்கு வழியாக வா. 1849 மார்ச் கடைசியில், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்த லூயிஸ்பர்க் மக்களை, நிவாரணத்துக்குத் தகுதியா என்று சோதிக்க மறுநாள் காலை டெல்ஃபி மாளிகைக்கு வரச் சொன்னார்கள். 19 கி.மீ., குளிர், பசி. பலர் வழியிலேயே விழுந்து இறந்தார்கள். சாலையோர நினைவுக் கல்லில் காந்தியின் வரி ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி இவ்வளவு தேடிப் படிக்கிறவன் நீ, இந்த வழியைத் தவறவிடக் கூடாது.

வெஸ்ட்போர்ட்டில் க்ரோ பாட்ரிக் மலை 764 மீட்டர், ஏறி இறங்க நான்கு மணி நேரம். உச்சிக் கூம்பு செங்குத்து, இறங்கும்போது முழங்கால் கெஞ்சும், கோல் வேண்டும். பிள்ளைகளுக்கு அதைவிட 1937-இல் மூடிய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை நல்லது. மல்ரனியில் இறக்கிவிடச் சொல்லி நியூபோர்ட் வரை 18 கி.மீ. கிழக்கே ஓட்டினால் காற்று பெரும்பாலும் முதுகில் இருக்கும்.

இன்னொரு நாளில் வடக்கே கேஜா வயல்களுக்குப் போய் வா. 1930-களில் பாட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் எரிபொருளுக்குச் சதுப்புக் கரிமண் வெட்டுகையில், அடியில் கற்கள் வரிசையாக இருப்பதைக் கவனித்தார். பின்னால் அவர் மகன் ஷேமஸ், தொல்லியல் படித்துவிட்டு வந்து அதைத் தொடர்ந்தார். பெரும்பாலும் தோண்டவே இல்லை: நீளமான இரும்புக் கம்பியைச் சதுப்பில் இறக்குவது, கல்லில் முட்டும் ஆழத்தைக் குறிப்பது, பக்கத்தில் மறுபடி இறக்குவது. அப்படியே மைல் கணக்கில் கற்கால வயல் மதில்களை வரைந்துவிட்டார்கள். வழிகாட்டியிடம் கம்பியை இறக்கிக் காட்டச் சொல்லு.

குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தலைமூடியுள்ள மழைச்சட்டை எடு. மே மாதத்திலும் பகல் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். சிற்றூர்களில் எட்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். தங்கச்சி சைவம் என்பதால், அன்றைய சூப் காய்கறியில் செய்ததா என்று கேட்டுச் சோடா ரொட்டியோடு வாங்கலாம். சௌடர் என்ற கெட்டிச் சூப்பில் மீன் மட்டுமல்ல, பன்றிக்கறியும் இருக்கலாம்.

மே முதல் திங்களும் ஜூன் முதல் திங்களும் இங்கே பொது விடுமுறை. அந்த வாரக்கடைசிகளைத் தவிர்த்துத் தேதி போடு. அறைகளை உன் பதில் வந்ததும் பார்க்கிறேன். அம்மாவால் ஒரு கிலோமீட்டர் கல்பாதை ஏற முடியுமா என்று கேட்டு எழுது. முடியாது என்றால் இனிஷ்மோரை விட்டு அரன் தீவுகளில் இன்னொன்றான இனிஷீருக்குப் போகலாம். அது சின்னத் தீவு, துறையிலேயே குதிரைவண்டி கிடைக்கும், 1960-இல் கரையேறிய பிளாஸி கப்பலின் துருப்பிடித்த கூடு வரை வண்டியிலேயே போய்விடலாம்.

அன்புடன்,
ராஜு