விளையாட்டுக் கழக ஆண்டறிக்கை 2024, திருகோணமலை

மதிப்புக்குரிய போசகர் ஐயா, தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வராத அங்கத்தவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்காக இந்த அறிக்கை வட்ஸ்அப் குழுவிலும் போடப்படும்.

சென்ற ஆண்டு நிர்வாக சபை பதினொரு முறை அழைக்கப்பட்டு ஏழு முறை கூடியது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் என்று ஆளாளுக்கு வேலை இருந்ததால் இரண்டு கூட்டங்களுக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை, சேரவில்லை. மற்ற இரண்டின்போதும் தேர்தல் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் சேரவில்லை.

தைப்பொங்கலன்று பொங்கினோம். இரத்ததான முகாம் நடந்தது. டச்பே கடற்கரையில் சிரமதானம் செய்தோம், அடுத்த கிழமையே பழையபடி குப்பை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுத்தல் வழக்கம்போலச் சண்டையில் முடிந்தது. வாணி விழாவில் அவலும் கடலையும் போதாமல் போனது பற்றி உப குழு தனி அறிக்கை தருவதாகச் சொன்னது, இன்னும் தரவில்லை.

இனி 21 கிலோமீற்றர் அரை மரதன் ஓட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘செயலாளர் தான் ஓடுவதற்காகக் கழகத்தின் காசில் ஒரு போட்டி வைத்தார்’ என்று ஒரு கதை ஊருக்குள் நடமாடுகிறது. அந்தக் கதை என் காதுக்கு வந்து சேர மூன்று நாள்தான் எடுத்தது. சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகம் மூன்று மாதமாகியும் போன இடத்திலிருந்து திரும்பவில்லை.

முதலில், அது போட்டியே அல்ல. பரிசு இல்லை, பதக்கம் இல்லை. கழகத்து ஆட்கள் சேர்ந்து ஓடிய ஓட்டம். யோசனை வந்தது ஜனவரிக் கூட்டத்தில், அதுவும் தேநீர் கொடுக்கும்போது. வந்திருந்த பதினெட்டுப் பேரில் ஏழு பேர் சீனியில்லாத பிளேன்ரீ கேட்டார்கள். விளையாட்டுக் கழகம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு இதென்ன நிலைமை என்று நான்தான் கேட்டேன். பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள், அதாவது கூட்டத்துக்கு வந்தவர்களை விட ஒருவர் அதிகம்.

என் திட்டம் மார்ச் முதல் கிழமை. அப்போது காலையில் இன்னும் கொஞ்சம் குளிர் இருக்கும். பயிற்சி போதாது என்றார்கள், சரி. பிறகு நோன்பு வந்தது. பெயர் கொடுத்தவர்களில் ஐந்து பேர் நோன்பு பிடிக்கிறவர்கள், அவர்களை விட்டுவிட்டு ஓடுவது எந்த நியாயத்திலும் சேராது. பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழா. அப்புறம் புத்தாண்டு, வெசாக், ஹஜ்ஜுப் பெருநாள். ஒவ்வொரு காரணமும் நல்ல காரணம்தான். எல்லா நல்ல காரணங்களும் சேர்ந்து எங்களை ஜூன் 30 ஞாயிறில் கொண்டுபோய் விட்டன, கச்சான் காற்று அனலாக வீசுகிற காலத்தில். ‘இந்த வெயிலில் எவன் தேதி குறித்தான்’ என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாக சபை அதைப் பார்க்கவில்லை. மூன்று கிலோமீற்றரில் தொடங்கி, கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாமல் போனோம். பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் கதைப்பதில் பின்நிற்பவர்கள் அல்ல, அதனால் இது சுலபமாகப் பிடிபட்டது. உட்துறைமுக வீதியில் நாய்களுக்காக ஆளுக்கொரு தடி. செவ்வாய்க்கிழமைகளில் உவர்மலை ஏற்றம். நோன்பு மாதத்தில் அந்த ஐந்து பேரும் தராவீஹ் தொழுகை முடித்து இரவு பத்து மணிக்கு ஓடினார்கள். அவர்களோடு நானும் இரண்டு இரவு போனேன். மூன்றாம் இரவு என் வீட்டில் விடவில்லை.

தூரப் பிரச்சினை. மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி, நிலாவெளி வீதியால் ஆறாம் கட்டை தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் 21.1 கிலோமீற்றர். என் மோட்டார் சைக்கிளில் இரண்டு முறை அளந்தேன், பெற்றோல் என்னுடையது. ஆனால் அன்று காலையில், படம் நன்றாக வரும் என்பதால் தொடக்கத்தைக் கோட்டை வாசலுக்கு மாற்றும்படி தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அங்கே மான்கள் நிற்கும், வாசலில் 1675 என்ற ஆண்டும் இருக்கிறது. முடிவிடத்தை யாரும் மாற்றவில்லை. ஆகவே ஒருவரின் கடிகாரம் 21.7 என்றது, இன்னொருவருடையது 22 என்றது. ‘செயலாளருக்கு அளக்கத் தெரியாது’ என்று குழுவில் எழுதினார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மரதனை வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்ததால் வந்த தூரம்தான் 42.195 கிலோமீற்றர். 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். அதில் பாதிதான் நாம் ஓட நினைத்த 21.0975. அங்கே ராணிக்காகத் தூரம் மாறியது, இங்கே மானுக்காக. உலகம் அதை ஏற்றுக்கொண்டது, நமது வட்ஸ்அப் குழு ஏற்றுக்கொள்ளவில்லை.

பெயர் கொடுத்த பத்தொன்பது பேரில் தொடங்கியவர்கள் பதினொருவர். நாலே முக்காலுக்குத் தொடங்க வேண்டியது, கொடி அசைக்க ஆள் வரும்வரை நின்று ஐந்தே காலுக்குத்தான் தொடங்கினோம். அந்த அரை மணித்தியாலத்தின் விலையைத் திரும்பி வரும்போது வெயிலில் கொடுத்தோம். இருட்டில் கொஞ்சத் தூரம் எல்லோரும் ஒன்றாகவே போனோம். பதினொரு சோடிச் சப்பாத்துகளின் சத்தம் மட்டும் கேட்டது. இருபது வருடக் கழக வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே திசையில் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். உப்புவெளி தாண்டும்போது கடல் பக்கம் வெளுத்தது. சாம்பல்தீவுப் பாலத்தில் இரண்டு பேர் படமெடுக்க நின்றார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் கொடுக்க எட்டு அங்கத்தவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள், வந்தவர்கள் மூவர். பெயர் சொல்ல மாட்டேன், பெயர்ப்பட்டியல் கோப்பில் இருக்கிறது. சாம்பல்தீவில் நிற்க வேண்டியவரின் தொலைபேசி பத்து மணி வரை அடித்தது. அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர், கழகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், எங்களைப் பார்த்ததும் கடைக்குள் போய் வாளியும் குவளையுமாக வந்து நின்றார். திரும்பி வரும்போதும் நின்றார்.

‘தண்ணீர் சும்மா கிடைக்கும்போது அறுபது பைக்கற் ஜீவனி எதற்கு’ என்றும் கேட்கப்பட்டது. ஜீவனி என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், மோசமானால் வலிப்பே வரும். இருபத்திரண்டு பைக்கற் மீதி இருந்தது உண்மை. அது மாரி காலத்தில் வயிற்றோட்டம் வந்த அங்கத்தவர் வீடுகளுக்கே போனது, அப்போது யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பதினொருவரில் இருவர் நடுவழியில் ஓட்டோ ஏறினார்கள். அவர்கள் முதுகுவலியை நான் சந்தேகிக்கவில்லை. முதலில் வந்தவர் மீன்பிடிக்குப் போகும் தம்பி, பழைய கிரிக்கெட் சப்பாத்தோடு 1 மணி 52 நிமிடம். கடைசியாக வந்தது நான்தான். அதை மறைக்கவில்லை, ஆனால் காரணத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வங்கியில் வேலை செய்யும் நமது தம்பி ஒருவர், சொல்லச் சொல்லக் கேட்காமல், எங்களை விட்டுப் பிரிந்ததும் ஐந்து கிலோமீற்றரை 25 நிமிடத்தில் பறந்தார். திரும்பி வரும்போது உப்புவெளி யுத்த மயானத்தின் முன்னால் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருந்தார். ‘அண்ணை, நீங்க போங்கோ’ என்றார். போகவில்லை. காலை நீவிவிட்டு, ஜீவனி குடிக்கவைத்து, அங்கிருந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்தும் இழுத்தும் வந்தோம். வழியில் எங்கள் ரீச்சர் எங்களைக் கடந்து ஓடினார். ‘செயலாளர், அடுத்த கூட்டம் எப்போ?’ என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் நேரம் 3 மணி 21 நிமிடம். தனியாக ஓடியிருந்தால் இரண்டரைக்குள் முடித்திருப்பேன். பயிற்சிக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பதாகை கழற்றப்பட்டிருந்தது. தலைவர் அவர்களுக்கு வேறொரு நிகழ்வு இருந்தது. ரீச்சர் மட்டும் இரண்டு இளநீரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வரவு செலவை விபரமாகப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சமன். ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்குள் அடங்கும் தொகையை இப்போதைக்கு நான் கைக்காசாகப் போட்டிருக்கிறேன். அனுசரணை தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்று கடைசிக் கிழமையில் தொலைபேசியை எடுக்கவில்லை. 64 அங்கத்தவர்களில் சந்தா கட்டியவர்கள் 23 பேர். மாதம் நூறு ரூபாய்தான். ஓட்டத்துக்கு எதிராக அதிகம் எழுதியவர்களின் பெயர்களையும் சந்தா கட்டாதவர்களின் பெயர்களையும் ஒரு மாலை சும்மா ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

போசகர் ஐயாவுக்கும், தலைவருக்கும், நிர்வாக சபைக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி. சாம்பல்தீவுத் தேநீர்க்கடை ஐயாவுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஓட்டத்துக்குப் பெப்ரவரி நடுப்பகுதிதான் சரி. 2025 மார்ச் தொடக்கத்திலேயே நோன்பு வந்துவிடும், அதன் பிறகு போன வருடக் கதைதான். முடித்த ஒன்பது பேரும் ஞாயிறு காலையில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஐந்து மணிக்குக் கோட்டை வாசலுக்கு வந்தால் காணலாம். செயலாளர் பதவியில் எனக்குப் பற்று எதுவும் இல்லை. யாராவது முன்வந்தால் கோப்பு, முத்திரை, என் வீட்டு அலுமாரியில் மூன்று தட்டை அடைத்துக்கொண்டிருக்கும் கழக ரீசேட்டுகள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். முன்வருபவர் நடப்பாண்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது கழக யாப்பின் விதி.

நிலுவையை இம்மாத முடிவுக்குள் கட்டுகிறவர்களுக்கு ரீசேட் ஒன்று இலவசம். சிறிய அளவு மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்,
திருகோணமலை