எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் பத்திரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் தலைவர்களின் குடும்ப வாழ்க்கை குறித்து வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ஒரு காலத்தில் எங்கள் கூலிம் மாவட்டத்தின் அதிகாரியாக இருந்து, பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானும் அவர் துணைவியார் ஷரிஃபா ரோட்சியாவும் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்ததையும், முன்னாள் பிரதமர் துன் மகாதீர், டாக்டர் சித்தி ஹஸ்மா இணையரின் ஏழு பிள்ளைகளில் மூவர் தத்துப் பிள்ளைகள் என்பதையும் எழுதியிருந்தீர்கள். ஆனால், ‘சொந்தப் பிள்ளைகள்’, ‘வளர்ப்புப் பிள்ளைகள்’ என்று இரு பட்டியலாகப் பிரித்திருந்தது என் மனத்தை உறுத்தியது. தந்தையை இழந்த மண்டேலாவைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்ட தெம்பு இனத் தலைவர் ஜோங்கிந்தாபா, தம் மகன் ஜஸ்டிஸையும் அவரையும் ஒன்றாகவே வளர்த்தார். ஆறு வயதில் தகப்பனை இழந்த காமராசருக்குத் தாய்மாமன் கடைதான் முதல் வேலையிடம். உறவுப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது மலேசியத் தமிழர்களாகிய நமக்கும் புதிதன்று.

ஜப்பானியர் சயாம் மரண இரயில் பாதை போடத் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டு போன 1942, 1943ஆம் ஆண்டுகளில் எத்தனையோ லயங்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) பிள்ளைகள் நிராதரவாக நின்றார்கள். என் பாட்டி அவர்களில் ஒருவர். தகப்பனார் திரும்பவில்லை, தாயாரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எதிர் வீட்டில் இருந்த அத்தை முறையுள்ள ஒருவர், ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் இருந்தும், ஐந்தாவது தட்டை எடுத்து வைத்தார். பாட்டி கடைசிவரை அந்த அத்தையைத்தான் ‘அம்மா’ என்று சொன்னார். அன்று யாரும் பத்திரம் கேட்கவில்லை. இன்று கேட்கிறார்கள் என்பதைத்தான் நம் குடும்பங்கள் இன்னும் உணரவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில், ஒரு மாணவிக்குப் பன்னிரண்டு வயதானதும் மைகாட் என்னும் அடையாள அட்டை எடுக்க அவளுடைய சித்தி அழைத்துப் போனார். தாய் இறந்துவிட்டார், தகப்பனார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், தகவலே இல்லை. கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் சித்தி. அக்காளின் இறப்புப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டுத் துணியால் கட்டி எடுத்துப் போயிருந்தார். முகப்பில் இருந்தவர் கேட்டது, பாதுகாவலர் என்பதற்கான சான்று. அது மட்டும் டின்னில் இல்லை. மூன்று முறை திரும்பி வந்தார்கள். மூன்றாம் முறை அந்தப் பிள்ளை என்னிடம், “டீச்சர், இவங்க என் அம்மா இல்லையா?” என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

தீபகற்ப மலேசியாவில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது வளர்த்தவர் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துகொள்ளலாம். அதனால் சொத்துரிமை வராது. அதே ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமோ முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உரியது. நீதிமன்ற ஆணை பெற்றால் பிள்ளை, பெற்ற பிள்ளைக்குரிய நிலையைச் சட்டப்படி அடைகிறது. இந்த வேறுபாடு தெரியாமல், வளர்த்தவர் கண்மூடிய பிறகு வீட்டுக்காகவும் சேமநிதிக்காகவும் உறவுகள் பிரிந்ததை இவ்வூரிலேயே கண்டிருக்கிறேன். “நம்ம பிள்ளைக்கு எதுக்குப் பத்திரம், அது பாசத்தைக் குறைச்சுப் பேசுறதாகாதா?” என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பாசத்தை மதித்துத்தான் சொல்கிறேன்: நீங்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு மலரில் இவ்விரு சட்டங்களையும், தேவையான ஆவணங்களையும், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் எளிய தமிழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன். அப்பக்கத்தை நகலெடுத்து எங்கள் கோயில் மண்டபத்திலும் ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) வாசலிலும் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பாடாங் செராய், கெடா.